தமனித் தசையில் அயனிக் கால்வாய்கள்: சில மில்லிவோல்ட் என்ன செய்யும்?

ரத்த அழுத்தத்துக்கு எழுதித் தரப்படும் மாத்திரைகளில் மிகப் பரவலானவற்றுள் ஒன்று ஆம்லோடிபின். அது உடம்பில் எங்கே போய் வேலை செய்கிறது என்று கேட்டால் பலரும் இதயம் என்பார்கள், சிலர் சிறுநீரகம் என்பார்கள். உண்மையில் அது முக்கியமாகப் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் தமனிச் சுவரிலுள்ள தசைச் செல்களின் சவ்வு. அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தின் நடுவே ஒரு துளை உண்டு. கால்சியம் அயனிகள் வரிசையாகச் செல்லுக்குள் நுழையும் வழி அதுதான். மாத்திரை அந்த வழியை அடைக்கிறது, ரத்தக் குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது.

அடைக்கிறது, தளர்கிறது, இறங்குகிறது என்று மூன்று சொல்லில் முடித்தாகிவிட்டது. இந்த மூன்றுக்கும் இடையில் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். உயிரியலைப் பள்ளியோடு விட்டவர்களுக்கும் புரியும் விஷயம்தான். கொஞ்சம் மின்சாரம் மட்டும் வரும்.

குழாயும் அதன் தசையும்

தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள். ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளடுக்கின் பெயர் எண்டோதீலியம். ஒரே ஒரு செல் தடிமன்தான். வெளியே இணைப்புத் திசுவும் நரம்பு இழைகளும். நடுவில் மென்தசை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியை இந்தக் கட்டுரை விட்டுவிடுகிறது. அதன் குணத்தைத் தீர்மானிப்பதில் தசையைவிட எலாஸ்டின் என்ற மீள்தன்மையுள்ள புரதத்துக்குப் பங்கு அதிகம். நமக்கு வேண்டியவை சிறு தமனிகளும் நுண்தமனிகளும். விட்டம் ஏறக்குறைய 300 மைக்ரோமீட்டருக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ரத்த ஓட்டத்துக்கு எழும் தடையில் பெரும்பகுதி இந்தச் சின்னக் குழாய்களில்தான் உருவாகிறது.

ஏன் இவை இவ்வளவு முக்கியம்? குழாயில் ஓடும் திரவத்தின் அளவு, குழாய் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் சோதனைகள் செய்து கண்ட விதி இது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் வெறும் 10 சதவீதம் குறைந்தாலே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ரத்தம் சிவப்பணுக்கள் மிதக்கும் கலவை என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாதுதான், ஆனால் போக்கு மாறாது. தசை மிகக் கொஞ்சம் அசைந்தால் போதும், ஒரு உறுப்புக்குப் போகும் ரத்தம் தலைகீழாக மாறிவிடும்.

அந்தத் தசைச் செல் நடுவில் பருத்து இரு முனைகளிலும் கூர்ந்திருக்கும். குழாயின் நீளவாக்கில் கிடக்காமல் அதைச் சுற்றி வளைந்து படுத்திருக்கும். ஆகவே செல் குறுகினால் குழாயின் உள்விட்டம் குறையும். மிகச் சிறிய நுண்தமனிகளில் இப்படி ஒரே ஒரு அடுக்குச் செல்தான் இருக்கும். கைத்தசை சுருங்கும், பிறகு ஓய்வெடுக்கும். இந்தத் தசைக்கு அந்தப் பழக்கம் இல்லை. இரவும் பகலும் பாதி சுருங்கிய நிலையிலேயே இருக்கிறது. இந்த நிலையைத் தசையின் டோன் என்பார்கள். பாதி சுருங்கி இருப்பதில் ஒரு வசதி உண்டு: தேவைக்கு ஏற்ப இன்னும் இறுக்கவும் செய்யலாம், தளர்த்தவும் செய்யலாம்.

சுருங்குவதற்கான ஆணை கால்சியத்திடமிருந்து வருகிறது. செல்லுக்குள் கால்சியம் கூடியதும் அது கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்கிறது. இந்த ஜோடி ஒரு நொதியை எழுப்பிவிட, அந்த நொதி மயோசின் என்ற தசைப் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டிய மயோசின் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கிறது. ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்ற வேறொரு நொதி காத்திருக்கிறது. ஒட்டுவது எவ்வளவு வேகம், கழற்றுவது எவ்வளவு வேகம் என்பதில்தான் இறுக்கத்தின் அளவு அடங்கியிருக்கிறது. கழற்றும் நொதியைத் தடுத்துவிட்டால் கால்சியம் கூடாமலேயே இறுக்கம் கூடும். உடலில் சில ஹார்மோன்கள் அந்த வழியையும் பயன்படுத்துகின்றன. அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

எண்களைப் பார்த்தால் நிலைமை விளங்கும். தளர்ந்திருக்கும் செல்லின் உள்ளே கால்சியத்தின் செறிவு சுமார் 100 நானோமோலார். வெளியே ஒரு மில்லிமோலாருக்கும் மேல். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! உள்ளே இருப்பது இரண்டு மூன்று மடங்கு ஏறினாலே குழாய் நன்றாக இறுகிவிடும். வெளியே அவ்வளவு கால்சியம் நெருக்கிக்கொண்டு நிற்க, உள்ளே விடுவதைத் துளித் துளியாகக் கட்டுப்படுத்தியாக வேண்டும். அயனிக் கால்வாய்களின் வேலை இங்கே தொடங்குகிறது.

துளைக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியும்

செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னூட்டம் கொண்ட அயனியால் கொழுப்பைக் கடந்து போக முடியாது. சவ்வின் குறுக்கே பதிந்திருக்கும் கால்வாய்ப் புரதங்கள் வழியாகத்தான் போகும். ஒரு கால்வாய் திறந்தால் ஒரு விநாடியில் கோடிக்கணக்கான அயனிகள் கடந்துவிடும். ஆற்றல் எதையும் செலவழித்து அது தள்ளுவதில்லை. செறிவு வித்தியாசமும் மின்னழுத்தமும் எந்தப் பக்கம் தள்ளுகின்றனவோ அந்தப் பக்கம் அயனிகள் தாமாகவே பாயும். வித்தியாசத்தை உண்டாக்கி வைப்பது மட்டும் ஆற்றல் தின்னும் பம்புகளின் பொறுப்பு. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு அவற்றில் முக்கியமானது.

பொட்டாசியக் கால்வாயை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் அதில் ஒரு புதிர் இருக்கிறது. பொட்டாசியம் அயனி சோடியம் அயனியைவிடப் பெரியது. பெரியதைப் போகவிட்டுச் சிறியதைத் தடுக்கும் துளை எப்படி இருக்க முடியும்? 1998-இல் ராடெரிக் மெக்கின்னனின் குழு ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயின் வடிவத்தை எக்ஸ்-கதிர் மூலம் படமெடுத்தபோது விடை கிடைத்தது. தண்ணீரில் இருக்கும் எந்த அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்திருக்கும். துளையின் மிகக் குறுகிய பகுதிக்குள் போக வேண்டுமானால் அயனி அந்த நீரை உதறியாக வேண்டும். அந்தக் குறுகிய பகுதியின் சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியத்தைச் சுற்றி நீர் எந்தத் தூரத்தில் இருந்ததோ கிட்டத்தட்ட அதே தூரத்தில். அதனால் பொட்டாசியத்துக்கு நீரை விட்டதில் நஷ்டம் எதுவும் இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. சோடியம் சிறியதாக இருப்பதால் எல்லா ஆக்சிஜனையும் எட்டித் தொட முடியாது. நீரை விட்டால் நஷ்டம், விடாவிட்டால் நுழைய முடியாது. வெளியிலேயே நின்றுவிடுகிறது. மெக்கின்னனுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு இதற்காகக் கிடைத்தது.

கயிறு எந்தப் பக்கம்?

இப்போது மின்சாரம். செல்லுக்குள் பொட்டாசியம் சுமார் 140 மில்லிமோலார், வெளியே நான்கு ஐந்துதான். பொட்டாசியக் கால்வாய் திறந்தால் பொட்டாசியம் வெளியேறும். நேர்மின் அயனி வெளியே போகப் போக உட்பக்கம் எதிர்மின் நிலைக்குப் போகும். ஒரு கட்டத்தில் அந்த எதிர்மின்னே பொட்டாசியத்தைப் பிடித்து நிறுத்திவிடும். அந்தச் சமநிலை ஏறக்குறைய மைனஸ் 85 மில்லிவோல்ட்டில் வரும். பொட்டாசியக் கால்வாய்கள் மட்டும் திறந்திருந்தால் செல் அங்கேயே நிற்கும். ஆனால் ஒவ்வொரு அயனிக்கும் இப்படி ஒரு சொந்த எண் இருக்கிறது. சோடியத்தினுடையது பிளஸ் 60-ஐ ஒட்டியும், கால்சியத்தினுடையது பிளஸ் 100-க்கும் மேலும் இருக்கும். மென்தசைச் செல்லில் குளோரைடின் எண் மைனஸ் 30-ஐ ஒட்டி இருக்கும்.

கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் பொட்டாசியம் மைனஸ் 85-ஐ நோக்கி இழுக்கிறது. மறுபக்கம் சோடியம், கால்சியம், குளோரைடு மூன்றும் சேர்ந்து மேலே இழுக்கின்றன. எந்த வகைக் கால்வாய் அதிகம் திறக்கிறதோ அந்த அணிக்கு ஆள் கூடுகிறது. இந்தப் போட்டியில் யாரும் ஜெயிப்பதில்லை. ரத்தம் அழுத்தத்தோடு ஓடும் ஒரு சிறு தமனியில் கயிற்றின் நடு முடிச்சு, அதாவது செல்லின் மின்னழுத்தம், சுமார் மைனஸ் 40 முதல் மைனஸ் 50 வரையான இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். இனி சுழியத்தை நோக்கிப் போவதை ஏறுவது என்றும், மைனஸ் 85-ஐ நோக்கிப் போவதை இறங்குவது என்றும் சொல்கிறேன்.

ஆம்லோடிபின் பிடித்துக்கொள்ளும் எல்-வகைக் கால்சியக் கால்வாய் இந்த முடிச்சைத்தான் கவனிக்கிறது. அதன் புரதத்தில் நேர்மின்னூட்டம் கொண்ட சில பகுதிகள் உண்டு. சவ்வின் மின்னழுத்தம் மாறினால் அவை அசையும். அவை அசைந்தால் துளை திறக்கும். மைனஸ் 70-இல் கிட்டத்தட்ட எல்லாக் கால்வாயும் மூடியிருக்கும். மைனஸ் 40-க்கு வரும்போதும் எந்த ஒரு கணத்திலும் திறந்திருப்பவை மிகச் சிலதான், ஆனால் தசையை இறுக்க அது போதும். இந்த இடைவெளியில் திறக்கும் வாய்ப்பு மிகச் செங்குத்தாக ஏறுகிறது. சில மில்லிவோல்ட் ஏறினாலே உள்ளே வரும் கால்சியம் கணிசமாகக் கூடும், இறங்கினால் அதே போலக் குறையும்.

மின்சாரம் என்றதும் நரம்புச் செல் நினைவுக்கு வருவது இயல்பு. நரம்பில் மின்னழுத்தம் ஒரு மில்லிவிநாடிக்குள் மைனஸ் 70-இலிருந்து பிளஸ் பக்கம் பாய்ந்து திரும்பும்: இருக்கிறது, அல்லது இல்லை. பெரும்பாலான தமனிகளின் தசையில் அப்படிப் பாய்ச்சல் கிடையாது. மைனஸ் 45-இல் நின்றுகொண்டிருக்கும், அழுத்தம் கூடினால் மைனஸ் 40-க்கு நகரும், அங்கேயே நிற்கும். நரம்பை வைத்து மின்னுயிரியல் படித்தவர்களுக்கு முதலில் இது சப்பென்றுதான் தெரியும். ஆனால் ஒரு குழாயின் விட்டத்தைப் படிப்படியாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டுமென்றால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அழுத்தம் கூடினால் ஏன் சுருங்குகிறது

உள்ளே அழுத்தம் கூடினால் குழாய் விரியும் என்றுதான் எதிர்பார்ப்போம். சிறு தமனிகள் நேர்மாறாகச் செய்கின்றன. நரம்புத் தொடர்பைத் துண்டித்த பிறகும், அழுத்தத்தைக் கூட்டினால் தமனி தானாகவே சுருங்குவதை ஆங்கிலேய உடலியல் அறிஞர் வில்லியம் பெய்லிஸ் 1902-இல் பதிவு செய்தார். அழுத்தத்தைக் குறைத்தால் விரிந்தது. இந்தக் குணத்தால்தான் ரத்த அழுத்தம் ஓரளவு ஏறி இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவு பெரிதாக மாறுவதில்லை. மெல்லிய தந்துகிகள் உயர் அழுத்தத்தில் அடிபடாமல் தப்புவதும் இதனால்தான்.

இதற்குப் பின்னால் இருப்பதும் அதே கயிறுதான். சுவர் இழுபடும்போது செல் சவ்விலுள்ள சில ஏற்பிகள் எந்த ஹார்மோனும் வந்து ஒட்டாமலேயே விழித்துக்கொள்கின்றன. அவை டிஆர்பி குடும்பத்தைச் சேர்ந்த கால்வாய்களைத் திறக்கவைக்கின்றன. சோடியம் உள்ளே வருகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது, எல்-வகைக் கால்வாய்கள் திறக்கின்றன, குழாய் இறுகுகிறது. குளோரைடுக் கால்வாய்களும் இதில் கை கொடுக்கின்றன. மூளையின் நரம்புச் செல்கள் பலவற்றில் குளோரைடுக் கால்வாய் திறந்தால் செல் அமைதியாகும். மென்தசையில் விளைவு தலைகீழ். இந்தச் செல் குளோரைடை உள்ளே நிறையச் சேர்த்து வைத்திருக்கிறது; கால்வாய் திறந்தால் அது வெளியேறும். எதிர்மின் அயனி வெளியேறினால் மின்னழுத்தம் ஏறத்தானே வேண்டும்.

இழுவிசையை நேரடியாக உணரும் பீட்சோ என்ற கால்வாய்கள் 2010-இல் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்காக ஆர்டெம் பட்டபூட்டியன் 2021-இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார். பெய்லிஸ் கண்ட விளைவுக்கு அவைதான் காரணமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் மென்தசையில் பீட்சோ-1 நீக்கப்பட்ட எலிகளின் தமனிகள் அழுத்தத்துக்கு வழக்கம்போலச் சுருங்கின. ரத்தம் உரசிக்கொண்டு ஓடுவதை உணரும் எண்டோதீலியத்தில்தான் அதற்கு வேலை அதிகம்.

கால்சியப் பொறிகள்

ஏறுவதற்கு மட்டும் வழி இருந்தால் குழாய் இறுகிக்கொண்டே போகும்: மின்னழுத்தம் ஏற, கால்சியம் வர, இன்னும் இறுக. இறக்குவதற்குப் பொட்டாசியக் கால்வாய்கள் இருக்கின்றன. மென்தசையில் அவை பல வகை. மின்னழுத்தம் ஏறினாலே திறந்துகொள்ளும் வகை ஒன்று. அதன் வேலை நேரடியானது. இன்னொன்றின் பெயர் பி.கே. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த பகுதி இதுதான்.

பி.கே. கால்வாய் திறந்தால் அதன் வழியே போகும் பொட்டாசியம் மற்ற பொட்டாசியக் கால்வாய்களைவிடப் பல மடங்கு அதிகம். அதைத் திறக்க மின்னழுத்தம் ஏறுவதோடு கால்சியமும் வேண்டும். அதுவும் மைக்ரோமோலார் கணக்கில், அதாவது செல்லுக்குள் சராசரியாக இருப்பதைவிடப் பத்து மடங்கு, அதற்கும் மேல். செல் முழுக்க அவ்வளவு கால்சியம் ஏறினால் குழாய் மூடியே போய்விடும். அப்படியானால் இந்தக் கால்வாய் எப்போதுதான் திறக்கும்?

விடை 1995-இல் மார்க் நெல்சன் குழுவினரின் ஆய்வில் வந்தது. செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் பைகள் உண்டு. அவற்றில் சில, மேல் சவ்வுக்கு மிக அருகில், சில பத்து நானோமீட்டர் இடைவெளியில் ஒட்டிக்கிடக்கும். கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை ஏற்றி வேகமான லேசர் நுண்ணோக்கியில் பார்த்தால், செல் முழுதும் மங்கலாக இருக்கும்போது ஓரத்தில் ஒரு புள்ளி சட்டென்று மின்னி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் மங்கிவிடும். பையிலுள்ள ரயனோடின் ஏற்பிகள் என்ற கால்சியக் கால்வாய்கள் சில ஒரே நேரத்தில் திறந்து கால்சியத்தைக் கொட்டுவதுதான் அந்த மின்னல். இதற்குக் கால்சியப் பொறி என்று பெயர். இதயச் செல்லில் 1993-லேயே பார்த்திருந்தார்கள். அங்கே அது சுருக்கத்தின் முதல் படி.

தமனியில் கதை மாறுகிறது. பொறி தெறிக்கும் அந்தச் சிறு இடத்தில் மட்டும் கால்சியம் பத்து மைக்ரோமோலாரைத் தாண்டும். நேர் மேலே சவ்வில் நிற்கும் பி.கே. கால்வாய்கள் திறக்கும், பொட்டாசியம் வெளியே பாயும், மின்னழுத்தம் இறங்கும். அது சவ்வு முழுதும் பரவி, தூரத்தில் இருக்கும் எல்-வகைக் கால்வாய்களையும் மூடச் செய்யும். செல்லின் சராசரிக் கால்சியமோ பொறியால் ஏறியது தெரியாத அளவுதான். எல்-வகை மூடியதும் அதுவும் குறையும். கடைசியில் தசை தளர்கிறது. செல் முழுதும் பரவினால் இறுக்குகிற அதே கால்சியம், ஓரத்தில் ஒரு புள்ளியில் மட்டும் தெறித்தால் தளர்த்துகிறது.

அதை எப்படி உறுதி செய்தார்கள் என்பதும் அழகு. இந்தியச் செந்தேளின் விஷத்தில் ஐபீரியோடாக்சின் என்ற சிறு புரதம் இருக்கிறது, அது பி.கே. கால்வாயை மட்டும் அடைக்கும். அதைத் தமனியின் மேல் விட்டபோது குழாய் சுருங்கியது. பொறிகளை நிறுத்தும் ரயனோடின் என்ற பொருளை விட்டபோதும் சுருங்கியது. ஒன்றை விட்ட பிறகு மற்றதை விட்டால் கூடுதலாக எதுவும் நடக்கவில்லை. இரண்டும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் என்று அதிலிருந்து தெரிந்தது. 2000-இல் இன்னொரு சான்று: பி.கே. கால்வாய்க்குக் கால்சியத்தை நன்றாக உணர உதவும் துணைப் புரதத்தை எலிகளில் நீக்கினார்கள். பொறிகள் வழக்கம்போலத் தெறித்தன, கால்வாய்கள்தான் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

ஒற்றைக் கால்வாய் திறப்பதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி எழலாம். எர்வின் நெஹரும் பெர்ட் சாக்மனும் 1976-இல் வெளியிட்ட முறைதான் அடிப்படை. நுனி ஒரு மைக்ரோமீட்டர் அளவே உள்ள கண்ணாடிக் குழலைச் செல்லின் மேல் வைத்து மெல்ல உறிஞ்சினால், நுனிக்குள் சவ்வின் ஒரு துண்டு சிக்கும். அதற்குள் ஒரே ஒரு கால்வாய் இருந்தால் திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு படி ஏறும், கொஞ்ச நேரம் அங்கே நிற்கும், பழைய இடத்துக்கே விழும். இடைப்பட்ட உயரம் எதுவும் இல்லை. அந்தப் படிதான் ஒரு புரத மூலக்கூறு திறந்து மூடியது. அளவு ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் சில பங்கு. 1991-இல் இருவருக்கும் நோபல்.

பொட்டாசியத்தின் இன்னும் இரண்டு வேலைகள்

மூளையில் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். இதற்கான வழிகளில் ஒன்று பொட்டாசியமே. நரம்புச் செல்களும் அவற்றின் துணைச் செல்களும் வெளியே விடும் பொட்டாசியம், அருகிலுள்ள நுண்தமனியைச் சுற்றிக் கூடுகிறது. வெளியே பொட்டாசியம் கூடினால் செறிவு வித்தியாசம் குறைந்து மின்னழுத்தம் ஏற வேண்டும், குழாய் இறுக வேண்டும் என்று கணக்கு சொல்லும். ஆனால் 10 மில்லிமோலார் வாக்கில் குழாய் விரிகிறது. காரணம், இங்கே கே.ஐ.ஆர். என்ற வகைக் கால்வாய் இருக்கிறது. மைனஸ் 45-இல் அதன் துளையை உள்ளிருந்து மெக்னீசியமும் சில சிறு மூலக்கூறுகளும் அடைத்துக்கொண்டிருக்கும். வெளியே பொட்டாசியம் கூடும்போது இந்த அடைப்பு தளர்கிறது. 12 மில்லிமோலாரில் பொட்டாசியத்தின் சொந்த எண் மைனஸ் 65-ஐ ஒட்டி இருக்கும். முன்பைவிட மேலே வந்திருந்தாலும் செல் நிற்கும் மைனஸ் 45-க்கு இன்னும் கீழேதான். அடைப்பு நீங்கிய கால்வாய்கள் செல்லை அங்கே இறக்கிவிடுகின்றன. பொட்டாசியம் 25-ஐத் தாண்டினால் அந்த எண்ணே மைனஸ் 45-ஐக் கடந்து ஏறிவிடும், குழாய் இறுகிவிடும். ஒரே அயனி, கொஞ்சம் இருந்தால் ஒன்று, நிறைய இருந்தால் வேறொன்று.

இன்னொரு வகை செல்லின் ஆற்றல் நிலையோடு பிணைந்தது: கே-ஏடிபி கால்வாய். இதைத் திறக்கும் மருந்து ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், வேறு காரணத்துக்காக. மினாக்சிடில். கட்டுக்கு அடங்காத ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்தது அது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் வழுக்கைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். கதை அத்தோடு நிற்கவில்லை. கான்டு நோய்க்குறி என்று மிக அரிதான ஒரு பிறவிக் கோளாறு உண்டு, 1982-இல் விவரிக்கப்பட்டது. அடர்ந்த முடி, விரிந்து வளைந்த ரத்தக் குழாய்கள், பெரிய இதயம், கால் வீக்கம். 2012-இல் மரபணுவைத் தேடிப் போனவர்கள் வந்து நின்ற இடம் இதே கே-ஏடிபி கால்வாய். மூட வேண்டிய நேரத்தில் சரியாக மூடாத கால்வாய். பிறப்பிலிருந்தே மினாக்சிடில் சாப்பிடுவது போன்ற நிலை என்று சொன்னால் மிகையாகாது.

தசைச் செல் இதையெல்லாம் தனியாக முடிவு செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளடுக்கான எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடை அனுப்புகிறது. அது தசைச் செல்லுக்குள் பி.கே. கால்வாய்களை ஊக்குவதும் உண்டு, கால்சியத்தைப் பைக்குள் திருப்பி அனுப்புவதும் உண்டு. எண்டோதீலியத்தின் சொந்தப் பொட்டாசியக் கால்வாய்கள் திறந்தால், அங்கே இறங்கிய மின்னழுத்தம் செல்களை இணைக்கும் நுண்துளைகள் வழியே தசைக்கும் பரவும், குழாயின் நீளத்திலும் ஓடும். நரம்பு முனையிலிருந்து வரும் நார்அட்ரினலின் கயிற்றை எதிர்ப்பக்கம் இழுக்கும்.

மாத்திரை ஏன் இதயத்தைப் பெரிதாகத் தொடுவதில்லை

எல்-வகைக் கால்சியக் கால்வாய் இதயத் தசையிலும் இருக்கிறது. இதயத் துடிப்புக்கே அது வேண்டும். அப்படியிருக்க ஆம்லோடிபின் சாப்பிட்டால் இதயம் தளர்ந்து போகாதா?

கால்வாய்க்கு மூடியது, திறந்தது என்ற இரு நிலைகளைத் தவிர மூன்றாவதும் ஒன்று உண்டு: திறந்து களைத்து, கொஞ்ச நேரத்துக்குத் திறக்க முடியாமல் கிடக்கும் நிலை. ஆம்லோடிபின், நிஃபெடிபின் வகை மருந்துகள் இந்த மூன்றாவது நிலையில்தான் இறுகப் பிடிக்கின்றன. இதயத் தசை ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மைனஸ் 85 வரை இறங்கிவிடும். கால்வாய்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், மருந்துக்குப் பிடி கிடைக்காது. தமனித் தசையோ நாள் முழுக்க மைனஸ் 45-ஐ ஒட்டியே நிற்கிறது. களைத்த நிலையில் நிறையக் கால்வாய்கள் எப்போதும் இருக்கும். இரண்டு தசைகளிலும் கால்வாய்ப் புரதத்தின் அமைப்பிலேயே சிறு வித்தியாசங்கள் இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. வெராபமில் என்ற மருந்து வேறு விதமாகப் பிடிப்பதால் அது இதயத்தையும் நன்றாகவே பாதிக்கும். ஒரே கால்வாயைத் தடுக்கும் இரு மருந்துகளை டாக்டர்கள் வேறு வேறு நோயாளிகளுக்கு எழுதுவதன் காரணம் இது.

ஆம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். உப்பும் நீரும் தங்கிவிட்டதாக நினைப்போம். பெரும்பாலும் விஷயம் வேறு. மருந்து நுண்தமனியைத் தளர்த்துகிறது, ஆனால் தந்துகிக்கு அப்பால் இருக்கும் சிரையை அந்த அளவு தளர்த்துவதில்லை. வரும் பக்கம் திறந்து, போகும் பக்கம் அப்படியே இருந்தால் நடுவிலுள்ள தந்துகியில் அழுத்தம் ஏறும், நீர் கசிந்து திசுவில் தேங்கும். அதனால்தான் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை இந்த வீக்கத்துக்கு அவ்வளவாக எடுபடுவதில்லை. சிரையையும் தளர்த்தும் வேறு வகை ரத்த அழுத்த மருந்தைச் சேர்த்தால் குறைகிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்; வீக்கத்தைப் பார்த்து மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து.

நுரையீரல் மட்டும் விதிவிலக்கு

ஆக்சிஜன் குறைந்தால் உடலின் மற்ற இடங்களில் தமனிகள் விரியும். கூடுதல் ரத்தம் வந்தால் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கும் என்பது நியாயமான ஏற்பாடு. நுரையீரலில் அவை சுருங்குகின்றன. 1946-இல் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் காட்டினார்கள். இதுவும் நியாயம்தான்: காற்று போகாத நுரையீரல் பகுதிக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன், காற்று உள்ள பகுதிக்குத் திருப்பிவிடலாமே. நுரையீரல் தமனியின் தசையில் ஆக்சிஜன் குறையும்போது பொட்டாசியக் கால்வாய்கள் சில மூடிக்கொள்வது இதன் முக்கியமான படிகளில் ஒன்று. பொட்டாசிய அணியில் ஆள் குறைந்ததும் மின்னழுத்தம் ஏறுகிறது, கால்சியம் நுழைகிறது, குழாய் இறுகுகிறது.

2013-இல், நுரையீரல் தமனிகளில் மட்டும் அழுத்தம் ஏறும் பரம்பரை நோய் கொண்ட சில குடும்பங்களில், செல்லை இறங்கிய நிலையில் வைத்திருக்க உதவும் ஒரு பொட்டாசியக் கால்வாயின் மரபணு பழுதாகியிருப்பது தெரியவந்தது. ஆக்சிஜன் குறையாமலேயே பொட்டாசியத்தின் பிடி தளர்ந்துவிட்ட நிலை அது. உயரமான மலைகளில் முழு நுரையீரலுக்குமே ஆக்சிஜன் குறைகிறது, ரத்தத்தைத் திருப்பிவிட வேறு இடம் இருப்பதில்லை. தமனிகள் எல்லாம் சேர்ந்து, அதுவும் இடத்துக்கு இடம் சமமில்லாமல் இறுகும்போது அழுத்தம் ஏறி, சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும். ஒருமுறை அப்படி ஆனவர்கள் மறுபடி மலையேறும்போது முன்னெச்சரிக்கையாகத் தரப்படும் மருந்து, எல்-வகைக் கால்வாயைத் தடுக்கும் நிஃபெடிபின்.